பேனல் நம்முடையது, பாஸ்வேர்ட் யாருடையது?

கம்ப்யூட்டர் இதழில் மொட்டைமாடி சோலார் பேனலுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இன்று வீட்டில் கம்ப்யூட்டர் வாங்குபவர்களில் பலர் அடுத்ததாக வாங்க நினைப்பது சோலார்தான். அதற்குள் இருப்பதும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர்தான். அதற்கும் வை-பை உண்டு, சாப்ட்வேர் உண்டு, பாஸ்வேர்ட் உண்டு. கம்ப்யூட்டர் கடையில் நாம் எதற்கெல்லாம் ஏமாந்தோமோ அதற்கெல்லாம் இங்கேயும் ஏமாறுகிறோம். ஒரே வித்தியாசம், இங்கே பில் ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய்.

எங்கள் வீடு உவரியில் இருக்கிறது. மாடியில் நின்றால் கப்பல் மாதா கோவில் தெரியும், அதற்கு அப்பால் கடல். மேற்கே கூடங்குளத்தில் தலா 1000 மெகாவாட் திறனில் 2 அணு உலைகள் ஓடுகின்றன. இன்னும் மேற்கே முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. இத்தனை மின்சாரத்துக்கு நடுவில் இருந்தாலும் காற்றடி காலத்தில் கம்பி உரசினால் கரண்ட் போகத்தான் செய்யும். ஆகவே 2024 ஆகஸ்டில் ஒரு சோலார் நிறுவனத்துக்காரர் கையில் டேப்லெட்டுடன் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, உட்காரச் சொல்லி காபி கொடுத்தேன்.

அவர் சொன்ன கணக்கு தப்பில்லை. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு பி.எம். சூர்ய கர் திட்டத்தைத் தொடங்கியது. 1 கோடி வீடுகளுக்கு மொட்டைமாடி சோலார், ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். மானியம் நிறுவனத்துக்குப் போகாது, வேலை முடிந்தபின் நம் வங்கிக் கணக்கிலேயே வந்து விழும். 1 கிலோவாட் பேனல் நம் ஊர் வெயிலில் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் 12 யூனிட், இரண்டு மாத பில் காலத்தில் 720 யூனிட். இதெல்லாம் சரியான தகவல்கள். அதன்பிறகு அவர் ஒரு வாக்கியம் சொன்னார்: "சார், இனிமே பவர் கட்டே உங்களுக்குத் தெரியாது."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் கையெழுத்துப் போட்டேன். அது பொய் என்று தெரிய ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது.

2025 ஜூலை. தங்கை மகள் பொறியியல் கலந்தாய்வுக்கு விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்த எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பெரிய மானிட்டரில் பட்டியலைப் பார்த்துப் பார்த்து அடுக்கினால் தப்பு வராது என்று நான்தான் கூப்பிட்டிருந்தேன். காலையிலிருந்து உட்கார்ந்து அறுபதுக்கு மேல் கல்லூரிகளை அடுக்கிவிட்டாள். உச்சி வெயில். கச்சான் காற்று சுழற்றியடிக்கிறது. படக்கென்று கரண்ட் போனது. மானிட்டர் இருண்டது, கம்ப்யூட்டரும் நின்றது. சோலார் இருக்கிறதே என்ற தைரியத்தில், பேட்டரி போன பழைய யு.பி.எஸ்.ஸை எடைக்குப் போட்டுவிட்டிருந்தேன்.

"மாமா, வெயில் இந்தா அடி அடிக்கி. பெறவு ஏன் நின்னுச்சு?"

என்னிடம் பதில் இல்லை. மாடிக்கு ஓடிப் பார்த்தால் பேனல் பளபளவென்று இருக்கிறது, கீழே இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு. நிறுவனத்துக்குப் போன் செய்தேன். "ஆன் கிரிட் சிஸ்டம் சார், கரண்ட் போனா இதுவும் ஆஃப் ஆகும், அப்படித்தான் டிசைன்" என்றார் எதிர்முனையில் இருந்த பெண். ரொம்ப சாதாரணமாகச் சொன்னார், ஏதோ எல்லாருக்கும் தெரிந்த விஷயம் போல.

அவர் சொன்னது உண்மைதான். விளக்கிவிடுகிறேன். பேனல் தருவது டி.சி. மின்சாரம். இன்வெர்ட்டர் அதை ஏ.சி.யாக மாற்றி, தெருக் கம்பியில் வரும் மின்சாரத்தின் அலையோடு தாளம் தப்பாமல் சேர்த்துவிடுகிறது. கம்பியில் மின்சாரம் இல்லை என்றால் இன்வெர்ட்டர் கண நேரத்தில் தன்னை அணைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால், லைன் ஆஃப் செய்துவிட்டோம் என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் லைன்மேன் மீது நம் வீட்டு மாடி மின்சாரம் பாயும். ஆகவே இது குறை இல்லை, உயிர் காக்கும் ஏற்பாடு. கரண்ட் போனாலும் ஓட வேண்டும் என்றால் பேட்டரி வேண்டும், தெருக் கம்பியிலிருந்து தன்னைப் பிரித்துக்கொண்டு வீட்டை மட்டும் ஓட்டத் தெரிந்த ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும். அதற்கு விலை கணிசமாகக் கூடும். கூடட்டும். ஆனால் அதை வாங்கும் முன்னால் சொல்ல வேண்டாமா?

நம் ஊரில் இந்தத் தப்பான நம்பிக்கைக்கு ஒரு காரணமும் உண்டு. நாம் முதலில் பார்த்த சோலார் எல்லாம் பேட்டரியோடு வந்தவை. 2011-ல் தொடங்கிய முதலமைச்சரின் சூரிய மின்சக்தி பசுமை வீடுகள் திட்டத்தில் கட்டிய வீடுகளில், சோலாரில் எரியும் 5 சி.எஃப்.எல். விளக்குகள் கொடுத்தார்கள். 2012-ல் கிராமங்களில் நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாமல் தவித்தபோது அந்த வீடுகளில் மட்டும் வெளிச்சம் இருந்தது. சோலார் என்றால் கரண்ட் போனாலும் எரியும் என்று மனதில் பதிந்துவிட்டது. விற்க வருபவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அவர்கள் பொய் சொல்லக்கூட வேண்டியதில்லை, நாம் நினைப்பதைத் திருத்தாமல் இருந்தால் போதும். என் வீட்டுக்கு வந்தவர் வாய் திறந்தே சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

(தங்கை மகள் என் செல்போனில் மறுபடி முதலிலிருந்து அடுக்கி முடித்தாள். இரவு பதினொரு மணி ஆனது.)

அன்றைக்கு நிறுவனத்தின் மீது வந்த கோபத்தில்தான் மற்ற விஷயங்களையும் தோண்டினேன். தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தது.

முதலில் மீட்டர் விஷயம். சோலார் பொருத்தினால் பழைய மீட்டரை எடுத்துவிட்டு, வருவதையும் போவதையும் தனித்தனியாக எண்ணும் நெட் மீட்டர் வைக்க வேண்டும். அதற்கு விண்ணப்பம், ஆய்வு என்று நாளாகும். எங்கள் வீட்டில் 2024 செப்டம்பரில் பேனல் ஏறிவிட்டது. "சும்மா ஏன் சார் கெடக்கணும், போட்டு ஓட்டுங்க" என்று நிறுவனத்து ஆள் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்த பில் குறையும் என்று காத்திருந்தேன், ஏறியிருந்தது. பழைய எலெக்ட்ரானிக் மீட்டர்கள் பலவற்றுக்கு மின்சாரம் உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. எந்தப் பக்கம் ஓடினாலும் செலவு என்றே எண்ணும். பகலில் நான் தெருவுக்குத் தானம் செய்த மின்சாரத்துக்கெல்லாம் நானே பணம் கட்டியிருக்கிறேன்! அனுமதி கிடைத்து நெட் மீட்டர் வரும்முன் ஓட்டுவது விதிப்படியும் தவறு. அது எனக்குத் தெரியாது. தினமும் இதே வேலை செய்யும் நிறுவனத்துக்குத் தெரியாமல் இருக்குமா?

அடுத்துதான் நம் இதழுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம். இன்வெர்ட்டரின் அடியில் பென் டிரைவ் மாதிரி ஒரு டாங்கிள் செருகியிருப்பார்கள். அது வீட்டு வை-பை மூலம், எத்தனை யூனிட் உற்பத்தி ஆனது என்ற கணக்கை இன்வெர்ட்டர் கம்பெனியின் சர்வருக்கு அனுப்பும். நாம் செல்போனிலோ கம்ப்யூட்டரிலோ பார்த்துக்கொள்ளலாம். ஆரம்பத்தில் நானும் காலையில் பேப்பருக்குப் பதில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 2025 ஏப்ரலில் வீட்டு இன்டர்நெட் மோடத்தை மாற்றினோம். புதிய மோடம், புதிய பாஸ்வேர்ட். டாங்கிளுக்கு அது தெரியாதே, இணைப்பு அறுந்தது. மாற்றி அமைக்கலாம் என்று ஆப்பைத் திறந்தால் "உங்களுக்கு அனுமதி இல்லை" என்றது. என் வீட்டு மாடி, என் பணம், ஆனால் அந்தக் கணக்கில் நான் வெறும் பார்வையாளர்! கணக்கைத் தொடங்கியது நிறுவனத்தில் வேலை பார்த்த ஒரு பையன், தன் சொந்த இ-மெயிலில் தொடங்கியிருக்கிறான். அவன் வேலையை விட்டுப் போய்விட்டான். பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது.

இதில் பெரிதாக என்ன நஷ்டம், கணக்குத்தானே தெரியவில்லை என்று விட்டுவிட்டேன். அங்கேதான் தப்புச் செய்தேன். அந்த ஏப்ரல், மே வெயிலில் எனக்குக் கிடைத்தது சுமார் 310 யூனிட். அதற்கு முந்தைய பில் காலத்தில் 640 வந்திருந்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது. எங்கள் வீடு லைனின் கடைசிப் பக்கம். நடுப்பகலில் பேனல் முழு வேகத்தில் மின்சாரத்தைத் தள்ளும்போது கம்பியில் வோல்டேஜ் ஏறும். 230 வோல்ட்டில் ஏறக்குறைய 10 சதவீதத்துக்கு மேல் போனால் இன்வெர்ட்டர் பாதுகாப்புக்காகத் தன்னை நிறுத்திக்கொள்ளும், பிறகு இறங்கியதும் ஓடும், மறுபடி நிற்கும். நல்ல வெயில் நேரமெல்லாம் இப்படியே போயிருக்கிறது. இன்வெர்ட்டர் ஒவ்வொரு முறையும் காரணத்தைப் பதிவு செய்துதான் வைத்திருந்தது. அதைப் படிக்கும் சாவிதான் என்னிடம் இல்லை.

உங்களில் சிலருக்கு இது பழைய கதையாகத் தோன்றும். அசெம்பிள் கம்ப்யூட்டர் வாங்கியபோது கடைக்காரர் மதர்போர்டு டிரைவர் சிடியைத் தானே வைத்துக்கொள்வார் அல்லவா? கேட்டால், "எதுக்கு சார், பிரச்னைன்னா நான் வந்து போட்டுத் தரேன்" என்பார். ஒரு வருடம் கழித்துப் போனால் அந்த இடத்தில் பேக்கரி இருக்கும். அதே பழக்கம்தான் இப்போது மாடிக்கு ஏறியிருக்கிறது.

பெரிய கம்பெனி என்றால் பயமில்லை என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் வீட்டு சோலாரில் முன்னணியில் இருந்த சன்பவர் நிறுவனம் 2024 ஆகஸ்டில் திவால் மனு போட்டது. சன்னோவா 2025 ஜூனில் போட்டது. 25 வருட வாரண்டி என்று கேட்டு வாங்கியவர்கள் இனி யாரிடம் போவது என்று திகைத்தார்கள். 2024 நவம்பரில் இன்னொன்று நடந்தது. சீன நிறுவனமான டேயேயின் இன்வெர்ட்டர்கள் அமெரிக்காவில் பல வீடுகளில், இந்த நாட்டில் இதைப் பயன்படுத்த அனுமதியில்லை என்ற பொருளில் திரையில் ஓர் அறிவிப்பைக் காட்டிவிட்டு நின்றுபோயின. காரணம் விற்பனை உரிமை பற்றிய தகராறு. வாங்கியவர் செய்த தவறு எதுவும் இல்லை. இன்டர்நெட்டில் இணைந்த எந்தப் பொருளுக்கும் இந்தக் கயிறு உண்டு. அது யார் கையில் இருக்கிறது என்பதையாவது தெரிந்துகொள்ள வேண்டாமா? இதில் நம் பக்கமும் கவனம் வேண்டும். பல டாங்கிள்கள் 12345678 என்ற பாஸ்வேர்டுடன் வருகின்றன, பொருத்தும் ஆள் அதை மாற்றுவதே இல்லை. வை-பை மோடத்தில் விருந்தினர் இணைப்பு வசதி இருந்தால் டாங்கிளை அதில் சேர்த்துவிடுங்கள். உங்கள் கம்ப்யூட்டர் இருக்கும் இணைப்பில் வேண்டாம். பல டாங்கிள்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் இணைப்புதான் புரியும், 5 கிகாஹெர்ட்ஸ் புரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். "டாங்கிள் கெட்டுப்போச்சு, புதுசு வாங்கணும்" என்று சொல்லப்படும் பாதி நேரம் விஷயம் இதுதான்.

உவரி மாதிரி கடலோர ஊர்க்காரர்களுக்கு மட்டும் இரண்டு வார்த்தை. உப்புக் காற்று எதையும் விடாது. என் பேனல் சட்டத்தைப் பிடித்திருந்த போல்ட்டுகள் பத்து மாதத்தில் துருவேறி, மழை பெய்தால் சுவரில் பழுப்புக் கோடு வழிந்தது. நிறுவனம் சாதாரண இரும்பு போல்ட் போட்டு மேலே வெள்ளிப் பெயின்ட் அடித்திருந்தது. கடலோரத்துக்கு 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட், உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த சட்டம் அல்லது அலுமினியச் சட்டம் என்று எழுதி வாங்குங்கள். பேனலுக்கு உப்புப் படிவுச் சோதனைச் சான்று உண்டு, எண் 61701, அதையும் கேளுங்கள். கச்சான் காற்றில் தேரிக்காட்டுச் செம்மண் பறந்து வந்து பேனலில் படியும், அதன்மேல் உப்பு ஈரம் சேர்ந்து பூச்சு மாதிரி ஒட்டும். வாரம் ஒருமுறை அதிகாலையில் நல்ல தண்ணீர் ஊற்றித் துடைக்க வேண்டும். ஆகவே கைக்கு எட்டும் உயரத்தில், நடக்க இடம் விட்டு வைக்கச் சொல்லுங்கள். பனை மரம் பக்கத்தில் இருந்தால் காலை, மாலை நிழல் எங்கே விழுகிறது என்று நீங்களே பார்த்துவிட்டு இடம் காட்டுங்கள். பேனல்கள் கோவில் கொடை சீரியல் செட் மாதிரி வரிசையாக இணைக்கப்பட்டவை, ஒன்றில் நிழல் விழுந்தால் வரிசையே சுணங்கும். பைபாஸ் டயோடு ஓரளவுதான் காப்பாற்றும்.

இதையெல்லாம் படித்துவிட்டு சோலாரே வேண்டாம் என்று முடிவு செய்யாதீர்கள். பேனல் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அது தன் வேலையைச் செய்கிறது. ஆனால் உங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்தான் ஓடுகிறது என்றால், 100 யூனிட் இலவசம் போக பில் சில நூறு ரூபாய்தான் வரும். அதற்காகக் கடன் வாங்கி 3 கிலோவாட் போடச் சொல்பவர் உங்கள் நன்மைக்காகச் சொல்லவில்லை. 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்குத்தான் கணக்கு சாதகமாக வரும். தாண்டியபின் ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாய்க்கு மேல் போகிறது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பணம் வாங்குமுன் நிறுவனம் ஒரே ஒரு தாளில் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். கரண்ட் போனால் ஓடுமா ஓடாதா, நெட் மீட்டருக்கு முன் சுவிட்ச் போடலாமா கூடாதா, ஆன்லைன் கணக்கு யார் பெயரில், எந்த இ-மெயிலில், பழுதென்றால் எத்தனை நாளில் ஆள் வருவார். சூர்ய கர் திட்டத்தில் சேர்ந்த நிறுவனம் 5 வருடம் பராமரிப்பும் செய்தாக வேண்டும். என்னிடம் விற்றவர் அதைச் சொல்லவில்லை, "சர்வீஸ் ஏ.எம்.சி. தனி சார்" என்றுதான் சொன்னார்.

நீங்களும் கம்ப்யூட்டர் இருக்கும் வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பேனலின் சீரியல் எண்ணையும் மாடிக்கு ஏற்றுமுன் போட்டோ எடுத்து, எக்ஸெல்லில் ஒரு பைலாகப் போட்டு வையுங்கள். மானியத்துக்கு இந்தியாவில் தயாரித்த பேனல்தான் செல்லும் என்பதால் இந்த எண்கள் முக்கியம். பில், வாரண்டி, நெட் மீட்டர் உத்தரவு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யுங்கள். நெட் மீட்டரில் போன யூனிட், வந்த யூனிட் இரண்டையும் மாதம் ஒருமுறை அதே பைலில் பதியுங்கள். ஆப் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். இன்னொன்று, சோலார் இருந்தாலும் கம்ப்யூட்டருக்குத் தனி யு.பி.எஸ். அவசியம். சின்ன 600 வி.ஏ. யு.பி.எஸ். ஆனாலும் பைலை சேவ் செய்து ஷட் டவுன் செய்ய நேரம் தரும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறீர்கள் என்றால் அதன் பின்புறம் யு.பி.எஸ். மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அதைப் போடாவிட்டால் கரண்ட் மாறும் நொடியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

புகார் செய்ய வழி இருக்கிறது. சூர்ய கர் திட்டத்துக்கு 15555, நுகர்வோர் உதவிக்கு 1915. நிறுவனம் மசியவில்லை என்றால் திருநெல்வேலியில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. ஆன்லைனிலும் மனுப் போடலாம். நான் ஆணையம் வரை போகவில்லை. போட்டோக்கள், பில்கள், எக்ஸெல் கணக்கு எல்லாவற்றையும் ஒரே இ-மெயிலில் இணைத்து, இதை அப்படியே மனுவில் சேர்க்கப் போகிறேன் என்று எழுதினேன். ஒன்பதாவது நாள் ஆள் வந்தார். புதுப் பையன். "அண்ணாச்சி, பழைய அக்கவுன்டை கம்பெனி கஸ்டமர் கேர் வழியா அழிச்சாச்சு. உங்க மெயில்லயே புதுசாப் போடுதேன், பாஸ்வேர்ட நீங்களே அடிங்க" என்று செல்போனை என்னிடம் நீட்டிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். போல்ட்டுகளையும் மாற்றினார்கள். வோல்டேஜ் பிரச்னைக்கு மீட்டரிலிருந்து இன்வெர்ட்டர் வரை தடித்த கேபிள் போட்டதில் பாதி குறைந்திருக்கிறது.

போன வாரம் அதே நிறுவனத்திலிருந்து செல்போனுக்கு ஒரு மெசேஜ். "ஹைப்ரிட் இன்வெர்ட்டர், லித்தியம் பேட்டரிக்கு மாறுங்கள், பவர் கட்டே தெரியாது!" எத்தனை வாட் லோடுக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதித் தரச் சொல்லிப் பதில் அனுப்பியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.